நகக்கனம் கரி

"எட்டு மாசம் ஆச்சும்மா. இன்னும் போகல."

"என்னது போகல?"

"கரி."

ஆவுடையப்பன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

சுங்கான் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த சுங்கானை, புகை பிடிக்கிற மரக் குழாயை, ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை.

"இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

"அது இருந்தா நான் இருக்க முடியாதும்மா."

அம்மா ஈர்க்குச்சியைக் கீழே வைத்தார்.

அம்மாவின் ஆசிரமம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாபநாசம் மலையடிவாரத்தில், ஆற்றுக்குச் சற்று மேலே, ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு கிணறு, கறவை நின்றுபோன ஒரு பசு. அவ்வளவுதான். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் மந்திரித்த கயிறு கேட்டு வருகிறவர்களுக்கும் அம்மா ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அம்மாவின் பெயர் பேராச்சி. வயது ஐம்பது. அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர் கப்பல்காரச் சாமி. தூத்துக்குடியில் கப்பலேறி ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் இந்த மலையடியில் வந்து உட்கார்ந்தவர். கண்ணை மூடும்போது அவர் விட்டுப்போனது இந்த மரச் சுங்கான் ஒன்றைத்தான். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அம்மா அதில் புகையிலையை அடைத்து ஒரே ஒரு தடவை பிடிப்பார்.

"ஞானிக்கு எதுக்குங்க புகை?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"நான் ஞானின்னு உமக்கு யாரு சொன்னா? இது கெட்ட பழக்கம். நீரு பழகிராதேயும்" என்பார்.

ஆவுடையப்பன் அம்மாவைவிடப் பதினொரு வயது மூத்தவர். அதனால் அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

முப்பத்தோரு வருஷம் அவர் ஒரு ரைஸ்மில்லில் பாய்லர் பார்த்தவர். உமி போட்டு எரிக்கிற பாய்லர். புகை போகிற குழாய்களில் கரி படியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுப்பை அணைத்துவிட்டுக் கம்பி பிரஷ் விட்டுச் சுரண்ட வேண்டும். சுரண்டிய கரியை டின்னில் அள்ளி மேஸ்திரியிடம் காட்ட வேண்டும். குழாயின் ஒரு முனையில் விளக்கைப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்ப்பார் ஆவுடையப்பன். இரும்பு பளபளக்க வேண்டும். பொட்டுக் கரி தெரிந்தாலும் மறுபடி பிரஷைத் தூக்கிவிடுவார்.

ஒரே ஒரு ஞாயிறு தூக்கவில்லை.

அறுவடை நேரம். நெல் மூட்டை வாசல்வரை அடுக்கிக் கிடந்தது. அடுப்பை அணைத்தால் ஒரு நாள் போய்விடும். "ஒரு வாரம் தாங்கும்" என்று அவர்தான் சொன்னார். அப்படிச் சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் உமி தள்ளுவதற்காக அடுப்புக் கதவைத் திறந்தவன் தளவாய். ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாளுக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவன். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் ஆவுடையப்பன்தான். குழாயெல்லாம் கரி அடைத்துக் கிடந்ததால் உள்ளே போக வழியில்லாத தீ, திறந்த கதவு வழியாக வெளியே வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான்.

அதற்குப் பிறகு உலகம்மாள் அவரிடம் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வேளாவேளைக்குச் சோறு வைத்தாள். துணி துவைத்துப் போட்டாள். பேசவில்லை.

அவர் சுரண்ட ஆரம்பித்தார்.

அடுப்பங்கரைச் சுவரைச் சுரண்டினார். விளக்கு மாடத்தைச் சுரண்டினார். சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டி ஓட்டையே போட்டுவிட்டார். கடைசியாக, உலகம்மாள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் தோசைக்கல்லை எடுத்தார். கல்யாணத்துக்கு வந்த இரும்புக் கல். வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்துக் கறுத்த கல். ஞாயிற்றுக்கிழமையானால் தளவாய் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டு வருகிறவரைக்கும் பொறுக்காமல் கல்லிலிருந்தே பிய்த்துத் தின்பான். அந்தக் கல்லை மணலும் கம்பியும் போட்டுத் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கிவைத்தார்.

மறுநாள் ஒரு தோசைகூட எடுக்க வரவில்லை. எல்லாம் பிய்ந்து பிய்ந்து ஒட்டிக்கொண்டது. நாலாவது தோசையும் ஒட்டியபோது உலகம்மாள் தோசைத்திருப்பியைக் கீழே வைத்தாள். இரண்டரை வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த வாய் அப்போதுதான் திறந்தது.

"போயிருங்க."

ஆவுடையப்பன் போய்விட்டார். திரும்பி வருகிற எண்ணம் இல்லாமல்தான் பாபநாசம் அருவிப் பாதையில் ஏறினார். வழியில் கிணற்றடியில் நின்றிருந்த அம்மா, "அண்ணாச்சி, இந்த வாளியைச் சித்த பிடியும்" என்றார். பிடித்தார். அன்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அவர் மடியில் ஒரு தபால் கார்டு இருந்தது. ஊர்க்காரர் யாரோ அவரை இங்கே பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாய்விட்டுப் படித்தார்.

'தம்பி போயி மூணு ஆடி அமாவாசை போயிட்டு. அவனுக்கு ஒரு கை எள்ளுந் தண்ணியும் விட இன்னும் ஆள் இல்லை. உங்களை விட்டால் நம்ம பக்கம் ஆம்பளை யாரும் கிடையாது. இந்த அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறைக்கு வாறேன். வரவும்.'

"பத்து நாள் இருக்கு" என்றார் அம்மா.

"அதுக்குள்ள எடுத்து விட்டுருங்கம்மா. இந்தக் கரிய வெச்சுக்கிட்டு நான் எப்படி அவன் பேரச் சொல்லுவேன்? கொன்ன கையில தண்ணி நிக்குமா? ஒரு பொட்டு இல்லாம எடுத்து விடுங்க."

"ஒரு பொட்டு இல்லாமயா?"

"ஒரு பொட்டு இல்லாம."

அம்மா யோசித்தார். பிறகு சுங்கானை அவர் கையில் வைத்தார்.

"மொதல்ல இதச் சுத்தம் பண்ணித் தாரும். அடைச்சுக்கிட்டு மூச்சு விட மாட்டேங்கு."

ஆவுடையப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டில் ஓர் இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. புகையிலை அடைக்கிற கிண்ணத்துக்குள் அவர் சுண்டுவிரல் நுழையவில்லை. அவ்வளவு கரி.

"இவ்வளவு கரி இருந்தா ஆபத்தும்மா. சூட்டுல கரி உப்பும். மரம் வெடிச்சுரும்."

"எங்க சாமியும் அதான் சொல்லுவாரு. ஆனா அண்ணாச்சி, சுரண்டும்போது…"

"கரி சுரண்டுறதுக்கு எனக்குச் சொல்லணுமாம்மா?"

அம்மா வாயை மூடிக்கொண்டார்.

மூன்று நாள் சுரண்டினார். பேனாக்கத்தியால் சுரண்டினார். கத்தி எட்டாத அடியில் கம்பியை வளைத்துச் சுரண்டினார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுத் திரியைத் தண்டுக்குள் விட்டு இழுத்தார். திரி கறுப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கடைசியில் போட்டபடியே வெள்ளையாக வந்தது. அந்த மூன்று நாளும் அவருக்குச் சோறு நன்றாக இறங்கியது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கனவில் யாரும் கதவைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சுங்கானை அம்மா முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு சிரட்டையையும் வைத்தார். சுரண்டிய கரி முழுவதும் அதில் இருந்தது. பழைய பழக்கம், காட்டாமல் இருக்க முடியவில்லை.

"வெயில்ல பிடிச்சுப் பாருங்க. மரத்தோட ரேகை தெரியும்."

அம்மா வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே மரம் இளஞ்சிவப்பாக, அன்று கடைந்ததுபோல இருந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணு விடல நீரு."

"விட மாட்டேம்மா."

அம்மா புகையிலையை அடைத்தார். தீக்குச்சியை இரண்டு தடவை கிழித்துத் தவறவிட்டு, மூன்றாவதில்தான் பற்றவைத்தார். ஆவுடையப்பன் அதைக் கவனித்தார், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

புகை தாராளமாக வந்தது. ஆவுடையப்பனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதுபோலத்தான் அம்மா தன்னையும் ஆக்கிவிடப்போகிறார், அதற்குத்தான் இந்த வேலை என்று அவருக்குத் தோன்றியது. படித்துறையில் போய் நிற்கலாம். நிமிர்ந்து நிற்கலாம்.

மறுநாளும் அம்மா அதைப் பிடித்தார். பாதிப் புகையிலை தீர்ந்திருக்காது, வேறு ஒரு வாடை வந்தது.

அந்த வாடை ஆவுடையப்பனுக்குத் தெரியும். எரியக் கூடாதது எரிகிற வாடை.

"அம்மா, கீழ வைங்க! மரம் எரியுது!"

அம்மா சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். கிண்ணத்தின் வெளிப்பக்கம் கடுகளவு பழுப்பு விழுந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உளுந்தளவு ஆகி அதன் நடுவே கறுத்தது. அம்மா தணலைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சுங்கானை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

கை சுட்டது. அவர் விடவில்லை. உள்ளே பார்த்தார். மரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால் ஓட்டை.

"எப்பிடிம்மா? அம்புட்டு வருஷம் எரியாத மரம் எப்பிடிம்மா எரியும்?"

"தீக்கும் மரத்துக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுவும் போச்சா" என்றார். "உங்க சாமி வெச்சிட்டுப் போன ஒரே பொருளும் என் கையால போச்சா."

அம்மா கொட்டிய தணலின்மேல் மண்ணைத் தள்ளினார்.

"தெரிஞ்சேதான் பத்த வெச்சியளா?"

"ஆமா."

"ஏம்மா சொல்லல?"

"சொல்ல வந்தேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அறுபத்தோரு வயது மனுஷன் அப்படி அழுவதைப் பார்க்கச் சகிக்காது.

"ஒரு வாரம் விட்டேன், ஒருத்தன் செத்தான். சரின்னு சுரண்டினேன். கல்லு போச்சு. வீடு போச்சு. இப்ப இதும் போச்சு. விட்டாலும் சாவு, சுரண்டினாலும் சாவுன்னா நான் என்னதாம்மா செய்ய? சொல்லுங்க. என்னதான் செய்ய?"

நிமிர்ந்து பார்த்தார். அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். பசு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது.

அன்றும் மறுநாளும் ஆவுடையப்பன் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் இறைத்தார். படித்துறைக்குப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார். அதை எழுதி ஒரு கார்டு போட நினைத்தார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் அம்மா கூப்பிட்டார்.

"இந்தக் கம்பி எதுக்குன்னு தெரியுமா?" தண்டில் சுற்றியிருந்த செம்புக் கம்பியைக் காட்டினார்.

"தெரியல."

"நான் வந்த புதுசுல, சூடா இருக்கும்போதே தண்டப் பிடிச்சுத் திருகிக் கழட்டினேன். ஆறட்டும்னு சொல்லியிருந்தாரு. எனக்கு அவசரம். படக்குன்னு ஒடிஞ்சுட்டு."

"சாமி திட்டலியா?"

"மூணு நாள் பேசல. எனக்குப் பைத்தியமே பிடிச்சுரும்போல இருந்துது. நாலாவது நாள், 'கம்பி இருக்கா?'ன்னு கேட்டாரு."

அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளரில் மலைத்தேனையும் அந்தச் சிரட்டையையும் கொண்டுவந்தார்.

ஆவுடையப்பன் சிரட்டையைப் பார்த்தார். தான் சுரண்டிய கரி ஒரு துளி குறையாமல் அதில் இருந்தது.

"இத ஏம்மா வெச்சிருக்கிய?"

"பொடியா நுணுக்கும். தேன விட்டுக் குழையும். பெறவு உள்ள தடவும்."

"நானா?"

"நீரு எடுத்தது. நீருதான் வைக்கணும்."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "முடியாதும்மா. கரிய நானே எடுத்துப் பூசணுமா? மாட்டேன்."

அம்மா காத்திருந்தார். வெயில் முற்றத்தில் பாதிவரை ஏறுகிறவரைக்கும் காத்திருந்தார்.

ஆவுடையப்பன் கரியை நுணுக்கினார். தேனை விட்டார். விரலால் குழைத்தார். விரலைச் சுங்கான் கிண்ணத்துக்குள் விடுகிற நேரத்தில் நிறுத்தினார்.

"எவ்வளவும்மா?"

முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. தன் கட்டைவிரலை நீட்டி, நகத்தின் ஓரத்தை, அதன் கனத்தை மட்டும் காட்டினார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். இனிமே சுரண்டினாலும் அத விட்டுட்டுச் சுரண்டும். கத்தி வேண்டாம். மொட்டையா ஒரு மரக்குச்சி போதும்."

பள்ளத்தை முதலில் நிரப்பினார். பிறகு சுற்றிலும் தடவினார். ஒரு பக்கம் கூடிவிட்டது, வழித்தார். மறுபக்கம் குறைந்துவிட்டது, சேர்த்தார். முடிகிறபோது உச்சிவேளை ஆகிவிட்டது.

"அம்மா."

"என்ன?"

"இங்க இருக்கது என்னைக்குப் போகும்?" நெஞ்சைத் தொட்டார்.

அம்மா சுங்கானை வாங்கி நிழலில் வைத்தார்.

"மொதல்ல இது காயட்டும்" என்றார்.

ஆடி அமாவாசை அன்று விடிந்ததிலிருந்தே கீழே பாதையில் ஆள் நடமாட்டம் கேட்டது. ஆவுடையப்பன் கிணற்றடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேன் கலந்த கரி நகக்கண்ணில் ஏறியிருந்தது. மணல் போட்டுத் தேய்த்தார். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். போகவில்லை.

"பஸ் வந்திருக்கும் அண்ணாச்சி" என்றார் அம்மா.

"இந்தக் கையோடயா?"

அம்மா வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே சுங்கானை எடுத்தார். பாதிக் கிண்ணம் புகையிலை அடைத்து மெதுவாகப் பற்றவைத்தார். அவசரமில்லாமல் இழுத்தார். பழுப்பு விழுந்திருந்த இடத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"தொட்டுப் பாரும்."

தொட்டார். உள்ளே தணல் இருந்தது. வெளியே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

படித்துறையில் கூட்டம் நெரிந்தது. உலகம்மாள் கடைசிப் படியில் நின்றிருந்தாள். எட்டு மாதத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் பைக்குள்ளிருந்து எள்ளுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பேசவில்லை.

ஆற்றில் முங்கி எழுந்து ஐயர் முன்னால் உட்கார்ந்தார்.

"பேரு?" என்று ஐயர் கேட்டார்.

ஆவுடையப்பன் நகக்கண்ணை இன்னொரு தடவை வேட்டியில் தேய்த்தார்.

"இறந்தவா பேரு சொல்லுங்கோ."

"தளவாய்" என்றார். சொன்னதும் உடைந்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்க எள்ளையும் தண்ணீரையும் சேர்த்து விட்டார். எள் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது, பிறகு போயிற்று. நகக்கண்ணில் இருந்த கரி அப்படியே இருந்தது. உலகம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிற்கிற இடம்வரை இரண்டு பேரும் நடந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். இதற்குமேல் என்ன இருக்கிறது, கூப்பிட்ட வேலை முடிந்தது என்று ஆவுடையப்பன் நினைத்தார். அழக்கூடத் தெம்பில்லை.

பஸ் வந்தது. உலகம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"கறுத்துட்டு" என்றாள் உலகம்மாள்.

அவருக்கு விளங்கவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"என்னது?"

"தோசைக்கல்லு. திரும்பக் கறுத்துட்டு. இப்பத்தான் எடுக்க வருது."

பக்கத்து இடத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.